அத்திடியவில் ஐந்து தட்டு வீடு: இரத்மலானை ஓடுபாதைக்கு நேரே காணி வாங்கலாமா?

நிலா_தெஹிவளை
அத்திடியப் பக்கம் 10 பேர்ச் காணி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இரத்மலானை விமான நிலைய ஓடுபாதையின் வடகிழக்கு முனையிலிருந்து சுமார் 700 மீட்டர், மையக்கோட்டிலிருந்து 150 மீட்டர் விலகி. ஐந்து தட்டு கட்டி, கீழ்த்தட்டை முன்பள்ளிக்கு வாடகைக்குக் கொடுக்க யோசனை. ஐந்து தட்டுக்குத் தடையில்லை என்கிறார் தரகர். டாக்காவில் போர் விமானம் பள்ளி மேல் விழுந்ததைப் பார்த்த பிறகு வீட்டில் பயப்படுகிறார்கள். எதை வைத்து முடிவெடுப்பது?

அளவுநாடா
தரகர் பேச்சை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். விமானம் இறங்கும் பாதைக்குக் கீழே கற்பனையான ஒரு சாய்தளம் உண்டு, கட்டடம் எதுவும் அதைத் தாண்டக் கூடாது. ஓடுபாதை முனைக்கு 60 மீட்டர் அப்பால் தொடங்கி, 50 மீட்டருக்கு 1 மீட்டர் என்று உயரும். உங்கள் காணி அந்தத் தொடக்கத்திலிருந்து 640 மீட்டர். அங்கே சாய்தளம் ஓடுபாதை முனையை விட 12.8 மீட்டர் உயரத்தில் இருக்கும். உதாரணத்துக்கு முனை கடல் மட்டத்திலிருந்து 7 மீட்டர், உங்கள் நிலம் 3 மீட்டர் என்று வைத்தால், கட்ட மிஞ்சுவது 16.8 மீட்டர்தான்.

தட்டுக்கு 3.2 மீட்டர் போட்டால் ஐந்து தட்டே 16 மீட்டர். மேலே தண்ணீர்த் தாங்கி, லிஃப்ட் அறை, இடிதாங்கி வந்தால் 20 தாண்டும். பலர் தவறுவது இங்கேதான்: வரைபடத்தில் கூரை வரை மட்டும் காட்டுவார்கள். மிக உயர்ந்த புள்ளிதான் கணக்கு. கட்டும்போது நிற்கும் கிரேனும் சேர்த்தி. 150 மீட்டர் விலகி இருப்பதும் உதவாது. சாய்தளம் தொடக்கத்திலேயே அகலமானது, பிறகும் பக்கத்துக்கு 15 வீதம் விரிவதால், அங்கே மையத்திலிருந்து 230 மீட்டருக்கு மேல் பரவியிருக்கும்.

பதிவு பெற்ற நில அளவையாளரிடம் காணியின் ஆள்கூறுகளும் கடல் மட்ட உயரமும் எடுத்து, சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் உயர அனுமதி கேளுங்கள். மாநகர சபைக்குப் போவது அதற்குப் பிறகு.

நிலா_தெஹிவளை
நன்றி. அப்படியென்றால் உயர அனுமதி கிடைத்துவிட்டால் விமானம் விழும் பயம் இல்லைதானே?

காற்றுத்திசை
இல்லை. அந்த அனுமதி கட்டடத்திலிருந்து விமானத்தைக் காப்பது. விமானத்திடமிருந்து கீழே இருப்பவர்களைக் காப்பது வேறு விஷயம்.

அமெரிக்க விமானப்படை அதற்குத் தனி வலயம் போடுகிறது. போர் விமானத் தளங்களில் ஓடுபாதை முனையிலிருந்து 3,000 அடி நீளம், 3,000 அடி அகலத்துக்கு வீடே கூடாது. அதன் பிறகு வரும் 12,000 அடியில் களஞ்சியம், தொழிற்சாலை போன்றவை பரவாயில்லை. பள்ளி, மருத்துவமனை கூடாது. சிறிய விமானங்களின் ஓடுபாதைக்கு முதல் வலயம் 1,000 அடி அகலம், அதாவது மையத்திலிருந்து 152 மீட்டர். அந்தக் குறுகிய அளவிலும் உங்கள் காணி உள்ளேதான்.

இரத்மலானையில் போர் ஜெட் இல்லை, ஆனால் விமானப்படைப் போக்குவரத்து விமானங்கள் உண்டு. வை-12 ஐந்து தொன் சொச்சம். சி-130 முழுப் பாரத்தில் 70 தொன். ஏறும்போது எல்லா இயந்திரங்களும் நின்றால் விமானிக்கு உயரமும் இல்லை, நேரமும் இல்லை. பெரும்பாலும் நேர் முன்னால்தான் இறங்குவார். 2012இல் வேர்ஜீனியா பீச்சில் எஃப்-18 போர் விமானம் ஒன்று இரண்டு இயந்திரமும் கோளாறாகி, எழுந்த கையோடு தொடர்மாடி வீடுகள் மேல் விழுந்தது. யாரும் சாகாதது அதிர்ஷ்டம். 2025 ஜூலை 21இல் டாக்காவில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. எஃப்-7 போர் விமானம் விழுந்தது மைல்ஸ்டோன் பள்ளியில், வகுப்பு நாளில். இறந்தவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள்.

வலயத்துக்கு வெளியே விழாது என்றும் இல்லை. 2011 மார்ச் 1இல் ஒத்திகையின்போது இரண்டு கிஃபீர் போர் விமானங்கள் மோதியது யக்கலவில், கட்டுநாயக்கத் தளத்திலிருந்து வெகு தள்ளி. ஆனால் எங்கே ஆபத்து குவிகிறது என்பது தெரிந்தும் அங்கே முப்பது குழந்தைகளை உட்கார வைக்கக் கூடாது. வீடு உங்கள் முடிவு. முன்பள்ளி வேண்டவே வேண்டாம்.

அளவுநாடா
அதோடு ஒத்துப்போகிறேன். மூன்று தட்டோடு நின்றால் உயரத்தில் சிக்கல் வர வாய்ப்புக் குறைவு. முற்பணம் கட்டுமுன் விற்பனை உடன்படிக்கையில், "கேட்ட உயரத்துக்கு அனுமதி கிடைக்காவிட்டால் பணம் முழுதும் திரும்ப வேண்டும்" என்று நொத்தாரிசைக் கொண்டு எழுதுவியுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் வேறு காணி பாருங்கள்.