29 வயதில் தாடையோரம் பரு, எதைப் பூசினாலும் அடங்கவில்லை. உதவி தேவை

மூக்குத்தி:
வணக்கம். எனக்கு வயது 29, இடம் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில். பள்ளிக்கூடக் காலத்தில் நெற்றியில் இரண்டொரு பரு வந்து போனதோடு சரி. இப்போது ஒரு வருடமாகத் தாடையோரமும் கன்னத்தின் கீழ்ப்பக்கமும் விடாமல் வருகிறது. உள்ளே கல் மாதிரி நின்று நோகும், பழுக்காது, உடையாது. போனாலும் கறுப்புத் தடம் மாதக்கணக்கில் கிடக்கும். மாதவிடாய்க்கு முந்தின கிழமை இன்னும் கூடும். அண்மையில் வாயையும் மூக்கையும் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் பருக்கள் வேறு, தொட்டால் எரிவு.

நான் பாவிப்பவை: இரண்டு நேரமும் வேப்பிலைச் சோப், பிறகு ரோஸ் வாட்டர், வைட்டமின் சி சீரம், இடைக்கிடை சாலிசிலிக் அமில ஃபேஸ்வாஷ், ஞாயிற்றுக்கிழமை முல்தானி மண், இரவில் ஒரு நைட் கிரீம். வீட்டில் கிணற்றுத் தண்ணீர். வேலைக்கு டவுனுக்கு ஸ்கூட்டியில் போய் வருகிறேன், ஹெல்மெட் போட்டபடி வியர்வை ஓடும். அம்மா 'கறுத்தக் கொழும்பான் மாம்பழம் தின்றது போதும், அது சூடு' என்கிறா. சித்தி தேசிக்காய்ப் புளி பூசச் சொல்கிறா. தை மாதம் கல்யாணம். எங்கிருந்து தொடங்குவது?

தட்டிவான்:
தங்கச்சி, சித்தியிடம் அன்பாக மறுத்துவிடுங்கோ. தேசிப்புளி பட்ட தோலில் வெயில் விழுந்தால் பொசுங்கி, கொப்பளித்து, பிறகு மண்ணிறத் தடமாக நிற்கும். எங்கள் வெயிலுக்கு ஸ்கூட்டியில் போகிற ஆள் முகத்தில் பூசுகிற சாமானே இல்லை அது.

பாமசி மேசை:
பதில் சொல்வதற்கு முன் மூன்று கேள்வி. அந்த நைட் கிரீம் எது, டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது? மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, நாடியில் தடித்த முடி முளைக்கிறதா? சிவப்புப் பருக்கள் அரிக்குமா, எரியுமா?

மூக்குத்தி:
மாதவிடாய் ஒழுங்குதான், முடி ஒன்றும் இல்லை. அரிப்பு இல்லை, எரிவுதான். கிரீம் ஒரு பார்லரில் வாங்கினது. வெள்ளை டப்பா, மேலே ஒன்றும் எழுதவில்லை, அவர்களே கலந்து தருவது. ஆனால் உண்மையைச் சொன்னால் அது ஒன்றுதான் வேலை செய்கிறது! பூசத் தொடங்கின முதல் கிழமையே பரு அமுங்கி முகம் பளிச்சென்று ஆனது. இரண்டு நாள் விட்டால்தான் முகம் சிவந்து எரிகிறது. அதனால் விடுவதில்லை.

பாமசி மேசை:
நீங்கள் கடைசியாக எழுதிய இரண்டு வரிதான் எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. பூசினால் பளிச், விட்டால் சிவப்பு, வாயைச் சுற்றிப் பொடிப் பருக்கள். இது ஸ்டீரொயிட் கலந்த கிரீமின் போக்கு. பெயரில்லாத 'வெள்ளையாக்கும்' டப்பாக்களில் கிளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன் போன்ற வலுவான ஸ்டீரொயிட்டுகளைக் கலப்பது வழக்கமாகவே நடக்கிறது. அவை வீக்கத்தையும் சிவப்பையும் உடனே அடக்கும், அதனால்தான் முதல் கிழமை அவ்வளவு நல்ல பெயர். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், சின்ன இரத்தக் குழாய்கள் தெரியத் தொடங்கும், ஸ்டீரொயிட்டாலேயே புதுப் பரு வரும். சில டப்பாக்களில் பாதரசமும் இருக்கும், அது சிறுநீரகம் வரை போகிற விஷயம்.

நான் பாமசியில் நிற்கிறவன், டொக்டர் இல்லை. படம் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். யாழ் போதனா வைத்தியசாலைத் தோல் கிளினிக்கிலோ தனியாகவோ ஒரு தோல் டொக்டரைப் பாருங்கள். டப்பாவைக் கையோடு கொண்டு போங்கள், வெட்கப்பட வேண்டாம். நிறுத்தியதும் சில கிழமைகள் முகம் மோசமாகத்தான் இருக்கும். அந்த நேரம் பயந்து திரும்ப அதையே பூசுவதால்தான் பலர் வருடக்கணக்கில் அதோடு கட்டுப்பட்டுக் கிடக்கிறார்கள். ஒரேயடியாக விடுவதா, குறைத்துக் குறைத்து விடுவதா என்பதை டொக்டர் சொல்லட்டும்.

அதுவரை மற்ற எல்லாவற்றையும் அலுமாரியில் வையுங்கள். சீரம், சாலிசிலிக், முல்தானி, ரோஸ் வாட்டர் எதுவும் வேண்டாம். மென்மையான ஒரு கிளென்சர், வாசனையில்லாத மொய்ஸ்சரைசர், காலையில் சன்ஸ்கிரீன். இவ்வளவும் போதும்.

கிணத்தடி:
சோப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் வலிகாமப் பகுதிக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அந்தக் கல்சியம்தான். சாதாரணச் சோப்பு அந்தத் தண்ணீரோடு சேர்ந்தால் லேசில் நுரை வராது, கரையாத ஒரு படலமாகித் தோலில் ஒட்டும். அதோடு சோப்பின் pH (அமில-கார அளவு) 9, 10 வரை போகும், அது காரம். தோலோ 5 அளவில் லேசான அமிலம். சோப் சேராத கிளென்சருக்கு இந்தக் கல்சியத் தொல்லை இல்லை. போத்தல் தண்ணீரில் முகம் கழுவச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம், காசுதான் கரையும்.

ஹெல்மெட்டின் நாடிப் பட்டியையும் ஒருக்கால் பாருங்கள். வியர்வையும் உராய்வும் சேர்ந்து அந்த இடத்திலேயே பருவைக் கிளப்பும். பட்டியைக் கழுவிக் காயவிடுங்கள்.

நெல்லியடி அக்கா:
மாம்பழத்தை விட்டுவிடுங்கோ பிள்ளை, பாவம் அது. சீனி அள்ளிப் போட்ட பால் தேத்தண்ணியும் சோடாவும்தான் குறைக்க வேண்டியது. இரத்தத்தில் சீனியைச் சட்டென்று ஏற்றுகிற சாப்பாட்டுக்கும் பருவுக்கும் தொடர்பு தெரிகிறது என்று எனக்குப் பார்த்த டொக்டர் சொன்னவர். அளவாக ஒரு கறுத்தக் கொழும்பான் தின்றால் ஒன்றும் ஆகாது. இரவில் தலைக்கு எண்ணெய் வைத்துப் படுக்கிற பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கோ, தலையணை வழியாகக் கன்னத்துக்கு வரும்.

ஜிம் தம்பி:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவில் சின்னச் சின்னதாக வருகிறது, சரியான அரிப்பு. பருவுக்கான அன்டிபயோட்டிக் எடுத்தும் கூடினதே தவிரக் குறையவில்லை.

பாமசி மேசை:
தம்பி, ஒரே அளவு, அரிப்பு, அன்டிபயோட்டிக்கில் கூடுதல். இது மயிர்க்காலில் வரும் பூஞ்சையாக இருக்கலாம், வியர்வை நேரத்தில் அதிகம். பூஞ்சை மருந்து வேறு, பரு மருந்து வேறு, காட்டிவிட்டு வாங்குங்கள். ஜிம் முடிந்ததும் ஈர பனியனோடு ஊர் சுற்றாதீர்கள்.

மூக்குத்தி:
கிளினிக் போய் வந்தேன். டொக்டர் டப்பாவை மணந்து பார்த்துவிட்டுச் சிரித்தா, இது அவவுக்குப் புதிதில்லையாம். ஸ்டீரொயிட்டால் வந்த பருதான் என்றா. டொக்ஸிசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக் மாத்திரை தந்திருக்கிறா, தோல் ஆறின பிறகு அடபலீன் ஜெல் தொடங்கலாமாம். கிரீமை விட்டதில் முகம் சிவந்து வீங்கித்தான் இருந்தது, வேலைக்கு மாஸ்க்கோடு போனேன். இப்போது எரிவு இல்லை, வாயைச் சுற்றி இருந்தது நன்றாகக் குறைந்துவிட்டது. தாடையோரம் இன்னும் வருகிறது. அடபலீன் பூசினால் முதலில் கூடும் என்கிறார்களே, உண்மையா? இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரையும் எடுக்கிறேன்.

பாமசி மேசை:
நல்ல செய்தி. இரும்புச்சத்து, கல்சியம், நெஞ்செரிவு மருந்து எதையும் டொக்ஸிசைக்கிளினோடு ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள், மருந்து உடம்பில் சேராது. இரண்டு, மூன்று மணித்தியால இடைவெளி விடுங்கள். ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்குங்கள், உடனே படுக்காதீர்கள், தொண்டைக்குழாய் புண்ணாகும். வெயிலும் இந்த மாத்திரைக்கு ஆகாது, சன்ஸ்கிரீனை மறக்க வேண்டாம்.

அடபலீன் முதலில் கூட்டுவதுபோல் தெரியும், காயவும் வைக்கும். 0.1 வீதம், பட்டாணியளவு, முழு முகத்துக்கும். பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பதில் பயனில்லை, அது புதுப் பரு வராமல் தடுக்கிற மருந்து. கிழமைக்கு இரண்டு, மூன்று இரவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள். 8 முதல் 12 கிழமை போகாமல் 'சரிவரவில்லை' என்று முடிவெடுக்காதீர்கள். டொக்டர் பருவுக்குப் பூசுகிற பென்சோயில் பெரொக்சைட்டும் எழுதினால் 2.5 வீதம் கேளுங்கள், 10 வீதம் கூடுதலாக எரிப்பதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்யாது. துவாயையும் தலையணை உறையையும் அது வெளிறச் செய்யும், வெள்ளைத் துணி பாவியுங்கள்.

நெல்லியடி அக்கா:
தை மாதம் என்றா சொன்னீங்கள்? கல்யாணத்துக்குப் பிறகு இந்த மருந்துகள் சரியோ?

பாமசி மேசை:
நல்ல கேள்வி அக்கா. பிள்ளை பெற யோசனை இருந்தால் அடபலீனும் டொக்ஸிசைக்கிளினும் கூடாது. முன்கூட்டியே டொக்டரிடம் சொன்னால் அசெலெயிக் அமிலம் என்ற பூச்சு மருந்துக்கு மாற்றித் தருவார், அது கர்ப்பத்திலும் பாவிக்கக்கூடியது, கறுப்புத் தடத்துக்கும் நல்லது. அப்புறம் மூக்குத்தி, அடபலீன் பூசுகிற முகத்தில் வாக்ஸ் செய்தால் தோலும் சேர்ந்து உரியும். மணப்பெண் அலங்காரம் செய்கிறவரிடம் இதை முதலே சொல்லிவிடுங்கள், கல்யாணக் கிழமையில் புது ஃபேஷியல் ஒன்றும் வேண்டாம்.