நிலாவெளி ரோட்டில் 50ஐத் தாண்டினால் முன்பக்கம் உறுமுகிறது: கியர் பொக்ஸா, வேறேதுமா?

கேள்வி (உப்புவெளியிலிருந்து)

வணக்கம். என்னுடையது 2007ஆம் ஆண்டு யப்பான் கார், ஒட்டோ கியர், முன் வீல் ட்ரைவ். ஒரு மாதமாக 50 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டினால் முன்பக்கத்தில் "ஊம்ம்ம்" என்று ஓர் உறுமல். வேகம் கூடக் கூடச் சத்தமும் கூடுகிறது. 80இல் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்பதில்லை. டவுனுக்குள் ஓடும்போது அவ்வளவாகத் தெரியாது. இன்னொன்று, எங்கள் ஒழுங்கையில் ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுதாக வெட்டி எடுத்தால் "டக் டக் டக்".

கராஜில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, பொக்ஸ் போய்விட்டது, ரீகண்டிஷன் பொக்ஸ் போட வேண்டும் என்றார்கள். கேட்ட தொகை என் மூன்று மாதச் சம்பளம். கியர் மாறுவதில் ஒரு குறையும் இல்லை, ஒயில் ஒழுக்கும் இல்லை. அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவது இந்தக் காரில்தான். என்ன செய்யலாம்?

பதில் (கிண்ணியாவிலிருந்து)

தம்பி, இப்போதைக்குப் பொக்ஸில் கைவைக்க விடாதீர்கள். நீங்கள் சொல்வது இரண்டு வேறு சத்தங்கள். தனித்தனியாகப் பாருங்கள்.

முதலில் உறுமல். ஆளில்லாத நேர் ரோட்டில் 60இல் போகும்போது மெதுவாக இரண்டு பக்கமும் வளைத்துப் பாருங்கள். வலப்பக்கம் வளைத்தால் காரின் பாரம் இடது வீலில் இறங்கும். அப்போது சத்தம் கூடி, மறுபக்கம் வளைக்கும்போது குறைந்தால் இடது வீல் பெயாரிங்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். சிலர் ஓட்டத்தில் நியூட்ரல் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம். பொக்ஸுக்குள் இருக்கும் டிபரென்ஷலும் (இரண்டு வீலுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) வீலோடு சேர்ந்தே சுற்றுவதால், அங்கே பெயாரிங் போயிருந்தாலும் நியூட்ரலில் அந்தச் சத்தம் நிற்காது.

அப்புறம் பின் வீலுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு கையால் ஷொக்கின் சுருள் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வீலைச் சுழற்றுங்கள். பெயாரிங் போயிருந்தால் ஸ்பிரிங்கில் ஒரு நறநறப்பு கைக்குத் தெரியும். காது ஏமாற்றினாலும் கை ஏமாற்றாது.

"டக் டக்" என்பது பெரும்பாலும் வெளிப்பக்கச் சி.வி. ஜொயின்ட், அதாவது பொக்ஸிலிருந்து வரும் ட்ரைவ் ஷாஃப்டின் வீல் பக்க மூட்டு. அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா, ரிம்மின் உட்பக்கத்தில் கறுப்புக் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் கடற்கரை ரோடுகளில் சின்னக் கிழிசல் போதும், மணல் உள்ளே போய் ஜொயின்டை அரைத்துவிடும்.

பதில் (உவர்மலையிலிருந்து)

டயரையும் பாருங்கள் அண்ணா. நான் பெயாரிங் மாற்றியும் சத்தம் போகவில்லை, கடைசியில் டயர்தான் அலையலையாகத் தேய்ந்திருந்தது. உள்ளங்கையால் தடவினால் மேடு பள்ளம் தெரியும். முன் டயரைப் பின்னுக்கு மாற்றிப் போட்டால் சத்தமும் பின்னுக்குப் போய்விடும்.

கேட்டவர்

ஞாயிறு காலை எல்லாம் செய்து பார்த்தேன். வலப்பக்கம் வளைக்கும்போதுதான் உறுமல் கூடுகிறது. இடது ஸ்பிரிங்கில் நறநறப்பு நன்றாகவே தெரிகிறது, வலதில் இல்லை. டயரில் மேடு பள்ளம் இல்லை. இடது பூட் பாதி கிழிந்து ரிம் முழுக்கக் கிரீஸ்.

கிண்ணியாவிலிருந்து

சரி, பிடிபட்டுவிட்டது. இரண்டும் ஒரே பக்கம் என்பது நல்லது. பெயாரிங் மாற்ற எப்படியும் வீலின் நடுவில் இருக்கும் ஹப் நட்டைக் கழற்ற வேண்டும், அந்த வேலையோடே ஜொயின்டையும் மாற்றிவிடுங்கள், கூலி ஒருமுறைதான். ஆனால் பெயாரிங்கை அழுத்தி இறக்கும் பிரஸ் மெஷின் இருக்கும் இடத்தில் மட்டும் செய்யுங்கள். சுத்தியலால் அடித்து இறக்கிய பெயாரிங் சீக்கிரமே மறுபடி கத்தும். புது நட் போட்டு, கார்க் கம்பனி சொன்ன அளவுக்கு டோர்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ரெஞ்ச்) இறுக்கும் வரை காரை வீலில் உருட்ட விடாதீர்கள், புதுப் பெயாரிங் கெட்டுவிடும். ட்ரைவ் ஷாஃப்டை உருவும்போது பொக்ஸ் ஒயில் கொஞ்சம் கொட்டும். அங்கிருக்கும் ஒயில் சீலையும் (seal) மாற்றி, ஒயில் அளவைப் பாருங்கள்.

கேட்டவர்

வேறு கராஜில் நேற்று முடிந்தது. கழற்றிய பெயாரிங்கை என் கையில் தந்து சுற்றிப் பார்க்கச் சொன்னார்கள், உள்ளே மணல் இருப்பதுபோல் கரகரத்தது. மாலையில் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கிண்ணியாப் பாலம் வரை போய் வந்தேன். உறுமல் இல்லை, ஒழுங்கையில் திருப்பும்போது டக் டக்கும் இல்லை. பொக்ஸ் அதே பழைய பொக்ஸ்தான். இருவருக்கும் மிக்க நன்றி. வலது பூட்டிலும் வெடிப்புத் தொடங்கியிருக்கிறது, அதற்கும் ஜொயின்ட் மாற்ற வேண்டுமா?

கிண்ணியாவிலிருந்து

வேண்டாம் தம்பி. கிழியவில்லை, சத்தமும் இல்லையென்றால் பூட்டும் கிரீஸும் மாற்றினால் போதும். மழைக்கு முன் செய்துவிடுங்கள்.