ஃபாதரிங்ஹே கோட்டை மேடு: இலையுதிர் காலத்தில் நடந்து போக ஏற்றதா?

கேட்டவர்:
இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் இருக்கும் ஃபாதரிங்ஹே கோட்டைக்கு இந்த அக்டோபர் கடைசியில் வயல்வழியாக நடந்து போகலாம் என்று யோசிக்கிறோம். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்ட் 1452-ல் பிறந்த இடம், ஸ்காட்லாந்து ராணி மேரிக்கு 1587-ல் மரண தண்டனை நிறைவேற்றிய இடம், அதனால் ரொம்ப நாளாகவே ஆசை. ஆனால் படங்களில் வெறும் புல்மேடுதான் தெரிகிறது. கூட வரும் மகன் "கோட்டை எங்கேப்பா?" என்று கேட்டால் எதைக் காட்டுவது? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

மேட்டுப்பிரியன்:
அந்த மேட்டையே காட்டுங்கள் நண்பரே, அதுதான் கோட்டை. 1100 வாக்கில், பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் மண்ணைக் குவித்து எழுப்பியது. உச்சியில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் நீன் ஆறு, மற்ற பக்கங்களில் அகழி இருந்த பள்ளம், கீழே தட்டையாக உள்முற்றம், எல்லாம் ஒரே பார்வையில் புரிந்துவிடும். மேரியின் தலையை வெட்டிய கூடம் மேட்டின்மேல் இருந்ததாகப் பலர் நினைக்கிறார்கள், கீழே அந்தச் சமதரையில்தான் இருந்தது. 17-ம் நூற்றாண்டில் இடித்துக் கல்லையெல்லாம் கொண்டுபோய்விட்டார்கள். ஆற்றோரம் கம்பி வேலிக்குள் கல்லும் சுண்ணாம்பும் இறுகிப்போன ஒரு பெரிய கட்டி மட்டும் கிடக்கிறது, அவ்வளவுதான் மிச்சம். வேலியில் இருக்கும் பலகைகளை மகனையே படிக்கச் சொல்லுங்கள். மேட்டில் திசில் (thistle) என்ற முட்செடிகள் இருக்கும், அவற்றை மேரிதான் நட்டார் என்று ஒரு கதை உண்டு, ஸ்காட்லாந்தின் சின்னமே அந்தச் செடிதானே.

நடைவழி:
என்னைக் கேட்டால் இப்படி மண்ணில் எழுப்பிய மேடு பள்ளங்களைப் பார்க்க இதைவிட நல்ல பருவம் கிடையாது. கோடையில் வெயில் உச்சியில் இருக்கும், புல்லும் உயர்ந்து நிற்கும், பள்ளம் மேடு எதுவும் பிடிபடாது. இப்போது சூரியன் தாழ்ந்து சாய்வாக வருவதால் முழங்கால் உயரம்கூட இல்லாத வரப்புக்கும் நிழல் விழுந்து தரையின் அமைப்பு தனியாகத் தெரியும். ஒன்று மட்டும் கவனியுங்கள், அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், அதற்கப்புறம் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆற்றங்கரைப் புல்வெளி மழைக்குப் பின் சதசதவென்று கிடக்கும், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். ஆடுகள் மேயும் இடம், நாய் இருந்தால் கயிற்றோடு கூட்டிப் போங்கள்.

பழங்கல்:
அந்த ஊர்த் தேவாலயத்தை விட்டுவிடாதீர்கள். எண்கோணக் கோபுரத்தின் உச்சியில் மூன்றாம் ரிச்சர்டின் குடும்பமான யார்க் வம்சத்தின் பொன்னிற வல்லூறுச் சின்னம் இருக்கிறது. 1415-ல் அஜின்கோர்ட் போரில் இறந்த யார்க் கோமகன் எட்வர்டுக்கும், 1460-ல் வேக்ஃபீல்டு போரில் இறந்த மூன்றாம் ரிச்சர்டின் தந்தைக்கும் உள்ளே நினைவுச்சின்னங்கள் உண்டு, அவற்றை எடுப்பித்தவர் இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத், மேரியின் மரண ஆணையில் கையெழுத்திட்டவரும் அவரேதான், அதை நினைத்துக்கொண்டே பாருங்கள். இன்னொன்று, கோட்டை மேடு சட்டப் பாதுகாப்பில் உள்ள இடம், அனுமதி இல்லாமல் உலோகம் தேடும் கருவியை எடுத்துப் போவது குற்றம். பையன்களுக்கு அந்த ஆசை வரும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கேட்டவர்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. முதலில் மேடா, தேவாலயமா?

நடைவழி:
தேவாலயம் முதலில். மூன்று மணி வாக்கில் மேட்டில் இருங்கள், அகழிப் பள்ளம் முழுக்க நிழல் விழுந்திருக்கும், கோட்டை எங்கே என்று மகன் கேட்க மாட்டான்.