இன்டெக்ஸுக்கு 50 சதவீதம் போதுமா?

பிக்சல்பித்தன்: வேறொரு இழையில் ஒருவர், "வால்வ் இன்டெக்ஸ் விஆர் ஹெட்செட்டில் ஸ்டீம்விஆர் மென்பொருளின் ரெசல்யூஷனை 100 சதவீதத்துக்குக் கீழே இறக்கவே கூடாது" என்று தீர்ப்பு எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பேனல் ஒரு கண்ணுக்கு 1440 × 1600. 100 வைத்தால் கிராபிக்ஸ் கார்டு 2016 × 2240 வரைகிறது. இல்லாத பிக்சலுக்கு எதற்கு உழைப்பு? பேனலின் மொத்தப் பிக்சலை இந்த மொத்தத்தால் வகுத்தால் 51 சதவீதம்தான் வரும். 50 வைத்துவிட்டு, மிச்சத்தை நிழலுக்கும் டெக்ஸ்சருக்கும் கொடுங்கள்.

காக்பிட்வாசி: அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். லென்ஸ் படத்தை வளைக்கிறது. அதை ஈடுகட்ட, பேனலுக்குப் போகும் முன்பே படத்தை எதிர்ப்பக்கமாக வளைக்கிறார்கள். அப்போது நடுப்பகுதி விரிகிறது, ஓரம் சுருங்குகிறது. விரிந்த பிறகும் நடுவில் கூர்மை குறையாமல் இருக்கத்தான் பக்கத்துக்கு 1.4 மடங்கு. முதல் வைவ் ஹெட்செட்டிலேயே 1080 × 1200 பேனலுக்கு 1512 × 1680 வரைந்தார்கள். வால்வின் அலெக்ஸ் விளாக்கோஸ் 2015 ஜிடிசி (கேம் டெவலப்பர்கள் மாநாடு) உரையில் இதை விளக்கியிருக்கிறார். 50 வைத்தால் நீங்கள் நேராகப் பார்க்கும் இடம்தான் முதலில் மங்கும்.

பிக்சல்பித்தன்: உரையெல்லாம் இருக்கட்டும். பேனலில் 1440 தானே இருக்கிறது?

காக்பிட்வாசி: இருக்கிறது. அந்த 1440-ஐ நிரப்ப 1440 போதாது என்றுதான் மேலே எழுதினேன். விமான விளையாட்டில் காக்பிட்டில் உட்கார்ந்து உயரமானியின் எண்களைப் படித்துப் பாருங்கள், தெரியும்.

பழையகார்டு: என்னிடம் இருப்பது ஜிடிஎக்ஸ் 1060 கார்டு. 90 ஹெர்ட்ஸில் ஒரு பிரேமுக்கு 11.1 மில்லிசெகண்ட்தான். 100 வைத்தால் அதைத் தாண்டிவிடுகிறது. ஸ்டீம்விஆரின் மோஷன் ஸ்மூதிங் வசதி விநாடிக்கு 45 பிரேமுக்கு இறக்கிவிட்டு, நடு பிரேமை ஊகித்துப் போடுகிறது. கையை ஆட்டினால் ஓரமெல்லாம் நெளிகிறது, குமட்டல் வருகிறது. மங்கலைப் பொறுத்துக்கொள்ளலாம், இதை முடியாது.

காக்பிட்வாசி: முதலில் 80 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், 12.5 மில்லிசெகண்ட் கிடைக்கும். அப்புறம் நிழல், மேகம், பிரதிபலிப்பு ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஒவ்வொரு பிரேமுக்கும் ஆகும் நேரத்தைக் காட்டும் பிரேம் டைமிங் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். சிபியு திணறினால் ரெசல்யூஷனை எவ்வளவு குறைத்தும் பலன் இல்லை. ரெசல்யூஷனில் கை வைப்பது கடைசி.

பிக்சல்பித்தன்: பாவம், 1060 வைத்திருப்பவரிடம் போய் 100 வை என்கிறீர்கள். நான் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. பேனலில் எத்தனை பிக்சல்?

நள்ளிரவுஆட்டம்: நான் 150-இல் ஆடுகிறேன். பக்கத்துக்கு ஒன்றரை மடங்கு. கண்ணாடி மாதிரி இருக்கிறது.

காக்பிட்வாசி: பக்கத்துக்கு அல்ல. அந்தச் சதவீதம் மொத்தப் பிக்சலுக்கு. 150 என்றால் பக்கத்துக்கு 1.22 மடங்கு.

நள்ளிரவுஆட்டம்: எதை எழுதினாலும் திருத்தம். அன்றைக்கு என் டிஸ்பிளேபோர்ட் கேபிள் விஷயத்திலும் இப்படித்தான் வாத்தியார் வேலை பார்த்தீர்கள். நான் மறக்கவில்லை.

காக்பிட்வாசி: அந்தக் கேபிளை இன்னும் மாற்றவில்லை என்றால் திரை இப்போதும் அணைந்து அணைந்துதான் எரியும்.

பிக்சல்பித்தன்: பேச்சை மாற்றாதீர்கள். பேனல் 1440. அதற்கு மேல் வரைவது வீண்.

காக்பிட்வாசி: தட்டையான மானிட்டருக்கு அந்தக் கணக்கு சரி. இங்கே நடுவில் லென்ஸ் இருக்கிறது. இதைத்தான் மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்.

பிக்சல்பித்தன்: நானும் மூன்றாம் முறையாகத்தான் கேட்கிறேன்.

பழையகார்டு: நிழலைக் குறைத்த பிறகு எம்எஸ்ஏஏ (ஓரங்களின் பல்வரிசையை மழுப்பும் அமைப்பு) 4 மடங்கிலேயே இருக்கலாமா, 2-க்கு இறக்க வேண்டுமா? யாராவது சொல்லுங்கள்.

நள்ளிரவுஆட்டம்: கேபிளில் ஒரு கோளாறும் இல்லை. கடைக்காரரே சோதித்துப் பார்த்தார்.

காக்பிட்வாசி: எந்த ரெஃப்ரெஷ் ரேட்டில் சோதித்தார்?

நள்ளிரவுஆட்டம்: ஆரம்பித்துவிட்டார்.