மறுமொழி: ஒயிலின் 'தடிப்பு' பார்க்கும் கைக்கருவி – பாகுமானியா, பாகளவியா?

அன்பின் நண்பர்களுக்கு, வணக்கம்.

கேள்வியைக் கிளப்பியவன் நான் என்பதால், எங்கே வந்து நிற்கிறோம் என்று நானே சொல்லிவிடுகிறேன். கொழும்பில் வாகனத் திருத்தம் பழகும் பிள்ளைகளுக்காக ஒரு கைந்நூலைத் தமிழாக்குகிறேன். அதில் வரும் கையடக்க விஸ்கோமீற்றர்தான், அதாவது எண்ணெய் எவ்வளவு தடிப்பாக, எவ்வளவு இளக்கமாக ஓடுகிறது என்று அளக்கும் கருவிதான், இப்போது தொண்டையில் நிற்கிற முள். அதைத் தமிழில் பாகுமானி என்பதா, பாகளவி என்பதா என்பதே என் கேள்வி.

முதலில், என்ஜினுக்குள் ஊற்றும் எண்ணெயின் பெயர். தமிழ்நாட்டு நண்பர்கள் 'மசகு எண்ணெய்' என்று எழுதச் சொன்னார்கள். அங்கே அது சரி. இங்கே பத்திரிகையில் 'மசகு எண்ணெய் விலை உயர்வு' என்று வந்தால் அது நிலத்தடியிலிருந்து எடுத்த கச்சா எண்ணெய். முன்பு ஒரு குறிப்பில் அப்படி எழுதிவிட்டு, 'சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு ஆலைக்குக் கப்பலில் வருகிற எண்ணெயையா என்ஜினுக்குள் ஊற்றுவது?' என்று ஒரு பிள்ளை கேட்க விழித்தேன். ஆகவே இங்கே 'உராய்வுநீக்கி எண்ணெய்'. நீளம்தான், ஆனால் குழப்பமில்லை.

இனிக் கருவி. 'பிசுக்குமைமானி' என்று ஐயா ஒருவர் உறுதியாக நிற்கிறார். உயர்தர வகுப்பில் நானும் பிசுக்குமை என்றுதான் படித்தேன், பாசமும் உண்டு. ஆங்கிலச் சொல்லின் வேரே பசைதானே என்கிறார். உண்மைதான்: குருவி பிடிக்கும் பசையைத் தந்த ஒட்டுண்ணிச் செடிக்கு லத்தீனில் விஸ்கம் என்று பெயர், அதிலிருந்து வந்தது. ஆனால் நம் வீட்டில் பிசுக்கு என்றால் அடுப்பங்கரைச் சுவரில் படிந்தது, குளிக்காத தலையில் இருப்பது. அந்தச் சொல்லைக் கேட்ட பிள்ளை அளக்க மாட்டான், துணியை எடுத்துத் துடைக்கப் போவான்.

பஞ்சிகாவத்தைப் பக்கத்துக் கராஜ்களில் கேட்டால் 'தடிப்பு' என்பார்கள். 'ஒயில் தடிச்சிட்டுது', 'தண்ணியாப் போச்சு'. உயிருள்ள சொல், விட மனமில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் தடிப்பு என்றால் தகட்டின் தடிப்பு, திருகுக்கணிச்சியால் அளப்பது. போதாததற்குப் பலர் தடிப்பையும் அடர்த்தியையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். எண்ணெய் தண்ணீரில் மிதக்கிறது, ஆனால் தண்ணீரைவிட மெதுவாக ஓடுகிறது. பாதரசம் தண்ணீரைப்போல 13.6 மடங்கு அடர்த்தி, இருந்தும் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாத சொல் நமக்கு உதவாது.

எனக்குப் பாகுதான் பிடித்திருக்கிறது. காரணம் கருவியின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. இந்த வகைக் கருவியில் இரண்டு சிறு தகடுகள். இடைவெளி 100 மைக்ரோன், அதாவது ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு. சில துளி எண்ணெயை மேலே விட்டால் தன் பாரத்திலேயே இடுக்கு வழியே இறங்கும். அகச்சிவப்புக் கதிர்கள் அது குறிகளைக் கடக்கும் நேரத்தைப் பிடிக்கும். நேரத்திலிருந்து எண். பிறகு தகடுகளைத் திறந்து துடைத்தால் முடிந்தது. அம்மா சீனிப் பாகைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்துக் கம்பிப் பதம் பார்ப்பதும், மெக்கானிக் டிப் ஸ்டிக்கிலிருந்து ஒரு துளி எடுத்து விரலிடையே தேய்ப்பதும் ஏறத்தாழ இதே வேலைதானே? சூடு ஏற ஏறப் பாகு இளகும் என்பதும் சமைத்தவர் யாருக்கும் தெரியும். அதனால்தான் இந்தக் கருவி எண்ணெயை 40 பாகை செல்சியஸில் பிடித்துவைத்து அளக்கிறது. கொழும்பு வெயிலில் 30 பாகையில் நிற்கிற அதே எண்ணெய் ஒன்றரை மடங்கு தடிப்பாகக் காட்டும்.

ஆனால் 'பாகுமானி'யில் ஒரு கண்ணி. போன வாக்கியங்களிலேயே மாட்டிக்கொண்டேன், பாருங்கள்: '40 பாகையில் பாகுமானி காட்டும் பாகு.' நாக்குச் சுழல்கிறது. இதில் கணிதப் பெட்டிக்குள் ஏற்கெனவே பாகைமானி இருக்கிறது. அச்சில் ஓர் எழுத்துத் தவறினால் பிள்ளை கோணம் அளக்கத் தொடங்கிவிடுவான்.

தங்கை ஒருவர் முன்வைத்த 'பாகளவி' இதைத் தீர்க்கிறது. பாகு + அளவி, உகரம் கெட்டுப் பாகளவி. சின்னச் சொல், புணர்ச்சியும் இயல்பு. மானி மரபை ஏன் விடுகிறீர்கள் என்பவர்களுக்கு: விடவில்லை, வெப்பமானி வெப்பமானியாகவே இருக்கட்டும். இந்த ஓரிடத்தில் மட்டும் பாகைமானி வழியை மறிக்கிறது. கையடக்கத் தொலைபேசி போலக் 'கையடக்கப் பாகளவி', அளவுக்குப் 'பாகுமை'. பாடப்புத்தகம் படித்தவருக்காக முதல் தடவை மட்டும் 'பிசுக்குமை என்றும் சொல்வர்' என்று சேர்த்துவிடலாம். தெரிந்த ஒரு மெக்கானிக் பாஸிடம் சொல்லிப் பார்த்தேன். 'தொதல் கிண்டேக்க பாக்கிற பாகோ?' என்றார். ஓம் என்றேன். மேலே கேள்வி வரவில்லை.

அலகை மொழிபெயர்க்க வேண்டாம் என்பது என் பிடிவாதம். எண்ணெய்ப் பேரலில் 'வீஜி 46' என்று தரக்குறி இருந்தால் 40 பாகையில் 46 சென்ரிஸ்டோக்ஸ், பத்து வீதம் கூடிக் குறையலாம். அந்த எண்ணைப் பேரலோடு ஒப்பிடத்தான் பிள்ளைகள் வருகிறார்கள். டீசல் கலந்தால் எண் இறங்கும். கரியோ ஒட்சியேற்றமோ கூடினால் ஏறும். இதை எழுதப் 'பாகுமை வீழ்ச்சி', 'பாகுமை ஏற்றம்' போதும்.

இன்னும் ஒன்று மிச்சம். கப்பல் என்ஜின் அறைகளில் ஒரு சாய்பலகை வைத்திருப்பார்கள், இரண்டு ஓடைகள் வெட்டியது. ஒன்றில் புது எண்ணெய், மற்றதில் பழையது, சாய்த்தால் எது முந்துகிறது என்று பார்ப்பது. அதில் எண்ணே கிடையாது. அதையும் பாகளவி என்று சொல்ல எனக்குக் கை வரவில்லை. அளக்காததற்கு அளவி எதற்கு? இரசாயனவியலில் நிறம் மாறிச் சொல்வதைக் 'காட்டி' என்கிறோமே, அந்த வழியில் 'பாகுகாட்டி' என்று குறித்து வைத்திருக்கிறேன். துறைமுகத்தில் வேலை செய்த யாராவது இதற்கு வேறு பெயர் கேட்டிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்று அந்த அதிகாரம் அச்சுக்குப் போகிறது.