மாட்டுக்கு ஈஸ்ட் புரதத் தூள் போடலாமா?

அல்சூர் குமரன்:
ஆனேக்கல் பக்கம் என் மச்சான் கறவை மாடு வைத்திருக்கிறார். புண்ணாக்கு விலை தாங்கவில்லை. போன வாரம் ஒரு தீவன ஏஜென்ட் வந்து, "புண்ணாக்கே வேண்டாம், இது நுண்ணுயிர்ப் புரதம், 50 சதவீதம்" என்று ஒரு மூட்டை பழுப்புத் தூளை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். ஈஸ்டாம். மாட்டுக்குப் போடலாமா? ஜிம்முக்குப் போகும் என் மகனும் ஈஸ்ட் புரதம் வாங்கப் போகிறேன் என்கிறான். எனக்கும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். எனக்கோ யூரிக் ஆசிட் தொல்லை.

ஜெயநகர் செல்வி:
மூட்டையில் லேபிள் இருக்கிறதா? இல்லையென்றால் பிரிக்கவே பிரிக்காதீர்கள்.

பெர்மென்டர் தாத்தா:
பெங்களூர் பொம்மசந்திராவில் பெர்மென்டரோடு, அதாவது நுண்ணுயிர் வளர்க்கும் தொட்டியோடு, மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன் நான்.

முதலில் மாடு. அதன் பெருவயிறே ஒரு பெர்மென்டர்தான். நாம் போடும் புண்ணாக்கில் பெரும்பகுதியை அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் அமோனியாவாக உடைத்து, அதை வைத்துத் தாங்கள் பெருகுகின்றன. அப்புறம் அந்த நுண்ணுயிர்களே குடலுக்கு இறங்கி மாட்டுக்கு உணவாகச் செரிமானமாகின்றன. மாட்டுக்குக் கிடைக்கும் புரதத்தில் பாதிக்கு மேல் இப்படி வருவதுதான். தீவனத்தில் அளவோடு யூரியா சேர்க்க முடிவதும் இதனால்தான். காசு கொடுத்து வாங்கும் ஈஸ்டும் அதே வயிற்றில் பெரும்பாலும் உடைந்து போகும். புண்ணாக்கைவிட மலிவு என்றால் கொஞ்சமாகச் சேர்த்துப் பார்க்கலாம், கூடுதல் விலைக்கு எதற்கு? இந்தச் சரக்குக்கு ஏற்ற இடம் மீன், இறால், கோழித் தீவனம். அங்கே அது மீன் தூளோடு போட்டி போடும்.

அந்த 50 சதவீதத்தையும் அப்படியே நம்பாதீர்கள். நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிப் போடும் கணக்கு அது. செல்லுக்குள் இருக்கும் நியூக்ளிக் அமிலத்தின் (டி.என்.ஏ., ஆர்.என்.ஏ.) நைட்ரஜனும் அதில் புரதமாகக் காட்டும், யாராவது யூரியா கலந்திருந்தால் அதுவும்தான். அடுகோடியில் கால்நடை ஊட்டச்சத்துக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள்.

இனி உங்கள் விஷயம். ஈஸ்டின் உலர் எடையில் 6 முதல் 12 சதவீதம் நியூக்ளிக் அமிலம். அது உடம்பில் யூரிக் அமிலமாக மாறும். மாட்டின் உடம்பில் யூரிக் அமிலத்தை உடைக்கும் நொதி உண்டு, நமக்கு இல்லை. இந்த வகை உணவிலிருந்து ஒரு நாளைக்கு 2 கிராம் நியூக்ளிக் அமிலத்துக்கு மேல் வேண்டாம் என்று பல காலம் முன்பே வரம்பு வைத்துவிட்டார்கள். அதை நீக்காத ஈஸ்ட் என்றால் 20, 30 கிராமிலேயே வரம்பு வந்துவிடும். 1985-இல் இங்கிலாந்தில் கடைக்கு வந்த குவார்ன், ஃபியூசேரியம் என்ற பூஞ்சையிலிருந்து செய்வது. அதைச் சூடுபடுத்தி ஆர்.என்.ஏ.வைக் குறைத்த பிறகுதான் விற்கிறார்கள். உங்கள் மகன் வாங்கும் டப்பாவில் அப்படிச் செய்தார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஜெயநகர் செல்வி:
இவ்வளவு நல்ல சரக்கு என்றால் ஏன் ஊரெல்லாம் கிடைப்பதில்லை தாத்தா?

பெர்மென்டர் தாத்தா:
விலைதான் அம்மா. இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனி மெத்தனாலில் பாக்டீரியா வளர்த்து, புரூட்டீன் என்ற பெயரில் தீவனம் செய்தது. 15 லட்சம் லிட்டர் பெர்மென்டர்! சோயா மலிவாகக் கிடைத்ததால் கடையை மூட வேண்டியதாயிற்று. வளர்ப்பது பெரிய வேலையில்லை. தண்ணீரைப் பிரித்துக் காயவைப்பதில்தான் கரண்ட் பில் எகிறும். நம் பெங்களூரிலேயே ஸ்ட்ரிங் பயோ மீத்தேன் தின்னும் பாக்டீரியாவிலிருந்து புரதம் எடுக்கிறது. மலிவான எரிவாயு தொடர்ந்து கிடைக்கும் இடத்தில்தான் அந்த வழி கட்டுப்படியாகும் என்பது என் கணக்கு.

ஜெயநகர் செல்வி:
அம்மா பி12-க்காக ஸ்பைருலினா மாத்திரை சாப்பிடுகிறார். அதுவும் இந்த ரகமா?

பெர்மென்டர் தாத்தா:
ஆமாம், அதுவும் நுண்ணுயிர்தான். புரதம் 60 சதவீதம் அளவுக்கு உண்டு, ஆனால் மாத்திரை அளவில் எவ்வளவு வந்துவிடும்? அதிலிருக்கும் பி12-இல் பெரும்பகுதி நம் உடம்புக்கு உதவாத போலி வடிவம். பி12 குறைவு என்றால் டாக்டரிடம் பி12 மாத்திரையே கேளுங்கள்.

அல்சூர் குமரன்:
ரொம்ப நன்றி ஐயா. கணக்குப் போட்டால் கிலோவுக்குப் புண்ணாக்கைவிட விலை கூட. மூட்டையைப் பிரிக்கவில்லை. ஏஜென்டிடம் லேபிளும் டெஸ்ட் ரிப்போர்ட்டும் கேட்டார் மச்சான், அதிலிருந்து அவர் போனையே எடுப்பதில்லை.