கொல்லம் பிளான்: சொந்தக்காரங்க குரூப்

தென்காசி அக்கா: பொங்கல் லீவுல சனி, ஞாயிறு ரெண்டு நாள் கொல்லம் போறோம். ஆச்சியோட சேத்து பெரியவங்க 6, பிள்ளைங்க 3. டெம்போ டிராவலர் பேசியாச்சு. பிளான் இதுதான், பாத்துச் சொல்லுங்க.
சனி: பாலருவி, தென்மலை, புனலூர் தூக்குப்பாலம், ஜடாயுப் பாறை, கொல்லம் பீச், லைட் ஹவுஸ்
ஞாயிறு: மன்றோ துருத்து (தீவு), சாம்பிராணிக்கோடி, வர்க்கலை, ராத்திரிக்குள்ள வீடு

புனலூர் மாமா: மருமவளே, இதுல பாதிய இப்பவே அடிச்சிரு.

சின்னவன்: 😂

புனலூர் மாமா: ஜடாயுப் பாறை இருக்கிற சடையமங்கலம் மெயின் சென்ட்ரல் (எம்.சி.) ரோட்டுல இருக்கு. கொட்டாரக்கரையில இருந்து திருவனந்தபுரம் பாக்க விலகிப் போகணும். ஜடாயுவுக்கு மட்டும் அரை நாள் போயிரும். வர்க்கலை கொல்லத்துக்குத் தெக்க, நீ திரும்ப வேண்டியது கிழக்க. ரெண்டும் வேற ஒரு தடவைக்கு வை. பாலருவி கோடையில பூட்டிருவாங்க, ஜனவரியில தண்ணி இருந்தாலும் நமக்குக் குத்தாலம் இருக்கும்போது அங்க எதுக்கு நிக்கணும்?

தென்காசி அக்கா: அப்ப சனிக்கிழமை காலையில எங்க போக?

கொல்லம் அண்ணன்: மன்றோ துருத்து. அத ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளாத. நீ வார வழியிலதான் திருப்பம் இருக்கு. கொல்லம் டவுனுக்குள்ள போயிட்டு மறுபடி வந்தா வீண் சுத்து. குண்டறையிலேயே வலது பக்கம் திரும்பி சிற்றுமலை வழியாப் போயிரலாம்.

புனலூர் மாமா: அதுக்கு செங்கோட்டையை 4 மணிக்கு முன்னாடி தாண்டணும். மகரவிளக்கு முடிஞ்சாலும் நடை சாத்துற வரைக்கும் சாமிமார் வண்டி ஆரியங்காவு வழியா வந்துக்கிட்டே இருக்கும். புளியரை எஸ் வளைவுல ஒரு லாரி நின்னா அவ்வளவுதான். தென்மலை தாண்டுற வரைக்கும் வேகம் போக முடியாது. 4 மணிக்குத் தாண்டுனா குண்டறை ஆறரைக்கு. பிள்ளைங்களுக்கு எஸ் வளைவுக்கு முன்னாடி பால் கீல் குடுக்காத, வாந்திதான். முன்னாடி சீட்டுல உக்கார வை.

தென்காசி அக்கா: பத்து மணிக்கு மேல போட்ல போனா என்ன மாமா, அவ்வளவு காலையில பிள்ளைங்கள எழுப்பணுமே

குண்டறை அத்தை: பத்து மணிக்குப் போனா வெயில்தான் பாக்கலாம் மக்களே. அது சின்ன வள்ளம், மேல கூரை கிடையாது. ஒருத்தர் பின்னாடி நின்னு கழுக்கோல் ஊனித் தள்ளுவாரு. பெரிய தோட்டுல (வாய்க்கால்தான்) தென்னை மர நிழல் எல்லா இடத்துலயும் வராது. 7 மணிக்கு ஏறுனா தண்ணி அசையாம கிடக்கும், கொக்கு, மீன்கொத்தி எல்லாம் கிட்டயே இருக்கும். ரெண்டு ரெண்டரை மணி நேரம் சுத்தலாம்.

குண்டறை அத்தை: இன்னொண்ணு, மோட்டார் படகு எடுக்காத. அது காயலோட (உப்பங்கழி) நிக்கும், உள் தோட்டுக்குள்ள போகாது. கை வள்ளம்தான் கேக்கணும். ஒரு வள்ளத்துக்கு 4 பேர், மிஞ்சுனா 5. நீங்க 9 பேர், ரெண்டு வள்ளம் பேசு. ஆள் கணக்கா மணிக்கணக்கான்னு ஏறுறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோ.

கொல்லம் அண்ணன்: ஏத்த இறக்கம் (கடல் தண்ணி ஏறி இறங்குறது) பாக்கணும் அத்தை. தோட்டு மேல சின்னச் சின்ன நடைபாலம் இருக்கு. ஏத்தத்துல தண்ணி மேல வந்துட்டா வள்ளம் பாலத்துக்கு அடியில போகாது, சுத்தி வரணும். போனாலும் தலையை முழங்கால் வரைக்கும் குனியணும். அமாவாசை, பவுர்ணமி ஒட்டி ஏத்தம் கூடுதல். தனுமாசம், மகரமாசத்துல (நம்ம மார்கழி, தை) வீட்டு முத்தத்துக்கே உப்புத்தண்ணி ஏறும் அங்க.

சின்னவன்: தீவு முங்குதுன்னு சொல்றாங்களே, அது அதானா?

கொல்லம் அண்ணன்: ஒரு காரணம் அது. மன்றோ துருத்தே கல்லடையாறு கொண்டுவந்து போட்ட வண்டல்தான், ஆறு அஷ்டமுடிக் காயல்ல விழுற இடத்துல. தென்மலையில அணை கட்டுனப்புறம் வண்டல் வரத்து கொறஞ்சிருச்சு. மண் அமுங்குது, மேல புது மண் சேரல. பல வீட்டுல கீழ்ப்பக்கச் சுவர் உப்பு அரிச்சு உதுர்றத வள்ளத்துல போகும்போதே பாக்கலாம். பேர் திருவிதாங்கூர் ரெசிடெண்டா (வெள்ளைக்காரனோட பிரதிநிதி) இருந்த கர்னல் மன்றோ பேர்தான்.

தென்காசி அக்கா: ஆச்சிக்கு முட்டு வலி. வள்ளத்துல தரையில உக்கார முடியாதே?

குண்டறை அத்தை: பிளாஸ்டிக் சேர் போட்ட வள்ளம் சிலர்ட்ட உண்டு, முன்னாடியே போன்ல சொல்லு. ஆனா சேர்னா ஒரு வள்ளத்துல 3 பேருக்கு மேல ஏத்தாத, ஆடும். அப்ப மூணு வள்ளம் பேசணும். ஏறும்போது நட்டநடு பலகையில கால் வைக்கச் சொல்லு, ஓரத்துல வச்சா சாயும். லைஃப் ஜாக்கெட் பிள்ளைங்க சைஸ்ல இருக்கான்னு கேளு. பெரியவங்க ஜாக்கெட்டு பிள்ளைக்கு மாட்டுனா தலை வழியா உருவிரும்.

தென்காசி அக்கா: சரி. அங்க இருந்து பத்து மணிக்குக் கிளம்பினா மத்தியானம் கொல்லம். சாப்பாடு?

கொல்லம் அண்ணன்: மீன் ஊண் (மீன் சாப்பாடு) சொல்லு. சோறு மட்டை அரிசி, செவப்பா பெருசா இருக்கும். பிள்ளைங்க சாப்பிடாதுன்னா முதல்லயே வெள்ளச்சோறு கேளு, எல்லாக் கடையிலயும் இருக்காது. மீன் சாறு ஊணோட சேந்தது, திரும்பத் திரும்ப ஊத்துவாங்க. வறுத்த மீனுக்குத் தனிக் காசு, அதுவும் சைஸ் பாத்து விலை. கரிமீன், நெய்மீன் ரெண்டும் தட்டுல வரும் முன்னாடி விலை கேட்டுரணும். நெய்மீன்னா நம்ம சீலாதான் (வஞ்சிரம்). விலை கம்மியா நல்லா இருக்கிறது நெத்தோலி வறுவல், கிளிமீன் வறுவல், மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும்.

கொல்லம் அண்ணன்: குடிக்கச் செவப்பாத் தண்ணி வைப்பாங்க, அது பதிமுகம் (ஒரு மரச்சீவல்) போட்டுக் கொதிக்க வச்சது. பயப்படாமக் குடிங்க.

சின்னவன்: கக்கா (மட்டிச் சிப்பி) இறைச்சி சாப்பிடணும்னு ரொம்ப நாளா ஆசை

குண்டறை அத்தை: இப்பப் போனா கிடைக்காது மக்கா. அஷ்டமுடி மஞ்சக் கக்காவுக்கு டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் அள்ளக் கூடாது, குஞ்சு விடுற காலம். இங்க உள்ள கக்காக்காரங்களே கட்டுப்பாடு வச்சுத்தான் அள்ளுவாங்க. 2014-ல எம்.எஸ்.சி. சான்று (வளம் அழியாமப் பிடிக்கிறதுக்குத் தர்ற உலகச் சான்று) வந்துச்சு, இந்தியாவுல அந்தச் சான்று வாங்குன முதல் மீன்பிடிப்பு இதுதான். மார்ச்சுக்கு மேல வா. வந்தா வேக வச்சு உரிச்ச கக்கா வாங்கி, ஒவ்வொண்ணா வயித்தைப் பிதுக்கி கருப்பு அழுக்கை எடுக்கணும். எடுக்கலைன்னா தோரன் (தேங்காய்ப் பொரியல்) பூராம் மணல் நறநறன்னு வரும். ஏற்கெனவே வெந்தது, தேங்காய் சேத்து அஞ்சு நிமிஷம் பிரட்டுனாப் போதும். அதுக்கு மேல அடுப்புல கிடந்தா ரப்பர்.

தென்காசி அக்கா: சாயங்காலம் லைட் ஹவுஸ் மேல நின்னு சூரியன் மறையிறதப் பாக்கலாமா?

கொல்லம் அண்ணன்: முடியாது. தங்கசேரி லைட் ஹவுஸ் காலையில 10 – 1, அப்புறம் 2 – 6. ஜனவரி மத்தியில சூரியன் மறைய 6:20 ஆகும். அதனால நாலரைக்கு மேல ஏறிட்டு, அஞ்சரைக்கு இறங்கி பக்கத்துல புலிமுட்டுக்கு நடந்துரு. கடலுக்குள்ள கல்லைக் கொட்டி நீட்டியிருக்காங்க, மறையிறத அங்க இருந்து பாக்கலாம். திங்கள் லீவு, உனக்குப் பிரச்சனை இல்ல. லிஃப்ட் உண்டு, ஓடுதான்னு கீழயே கேட்டுட்டு ஆச்சியைக் கூப்பிடு. உயரம் 41 மீட்டர், படியேறச் சொல்லிராதீங்க.

செங்கோட்டை பெரியப்பா: தங்கசேரி 1950 வரைக்கும் திருவிதாங்கூர்ல கிடையாது. சுத்தி மகாராஜா மண்ணு, நடுவுல அந்தத் துண்டு மட்டும் வெள்ளைக்காரன் போற வரைக்கும் அவன் வசம். அதுக்கு முன்னாடி போர்த்துகீசியர், டச்சுக்காரர். லைட் ஹவுஸ் பக்கத்துல இடிஞ்சு நிக்கிற சுவர் போர்த்துகீசியர் கட்டுன கோட்டை. லைட் ஹவுஸ் 1902. பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடு. நம்ம செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 வரைக்கும் அந்தப் பக்கம்தான்.

சின்னவன்: பீச்சுல குளிக்கலாமா?

கொல்லம் அண்ணன்: டவுன் பீச்சுல கூடாது. மணல் சரிஞ்சு சட்டுன்னு ஆழமாயிரும், அலை கரையிலயே வந்து உடையும். உடைஞ்சு திரும்பும்போது காலடி மணலையும் சேத்து இழுக்கும். முட்டளவு தண்ணியில நிக்கிறவனையே கவுத்துப் போட்டுரும். உக்காந்து கடலை கொறிக்கிறதோட நிறுத்திக்கோ. பிள்ளைங்க கால் நனைக்கணும்னா திருமுல்லவாரம் போ, கடலுக்குள்ள பாறை இருக்கிறதால அலை அடங்கி வரும். அங்கயும் கையப் பிடிச்சுத்தான்.

தென்காசி அக்கா: ஞாயித்துக்கிழமை காலையில சாம்பிராணிக்கோடி சரியா?

கொல்லம் அண்ணன்: சரி. காலையிலயே போயிரு, ஞாயித்துக்கிழமை டிக்கெட்டுக்கு வரிசை நீளும். காயல் நடுவுல தண்ணிக்குள்ள நடக்கிற இடம், முட்டளவு இருக்கும், ஏத்தத்துல இன்னும் கூடும். வெறுங்காலோட இறங்காதீங்க. அடியில சிப்பி ஓடு கிடக்கும், பிளேடு மாதிரி கீறிரும். பின்னாடி வார் வச்ச செருப்பு போடுங்க, சாதா ரப்பர் செருப்புன்னா சேத்துல மாட்டிக்கிட்டு கழண்டு மிதந்துரும். மாத்துத் துணி வண்டியில வச்சிக்கிடு.

தென்காசி அக்கா: அண்டிப்பருப்பு (முந்திரி) எங்க வாங்க? எத்தனை வாங்க?

கொல்லம் அண்ணன்: சனிக்கிழமையே வாங்கிரு, ஞாயித்துக்கிழமை பாதிக் கடை பூட்டு. நம்பர் தெரிஞ்சுக்கோ. டபிள்யூ 180, 240, 320ன்னு எழுதியிருக்கும். ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, அத்தனை பருப்பு நிக்கும்னு கணக்கு. நம்பர் கொறைய கொறைய பருப்பு பெருசு, விலையும் பெருசு. ருசி ஒண்ணுதான். யாருக்காவது குடுக்கணும்னா 240. வீட்டுக்கு 320. பாயாசத்துக்கும் பொங்கலுக்கும் ரெண்டாப் பிளந்தது போதும், முழுசு வாங்கி அதை உடைச்சுப் போடுறது காசைக் கரியாக்குறது. வறுக்கும்போது லேசா நெறம் மாறினது தனியா விப்பாங்க, இன்னும் மலிவு, சாப்பாட்டுக்கு ஒரு கொறையும் இல்ல.

கொல்லம் அண்ணன்: வாங்கும்போது ஒண்ணை ஒடிச்சுப் பாரு. டக்குன்னு ஒடியணும். வளைஞ்சா ஈரம் ஏறிருச்சு, பத்து நாள்ல காறல் வாடை வந்துரும். வீட்டுக்கு வந்ததும் காத்துப் போகாத டப்பாவுல போட்டு ஃபிரிட்ஜ்ல வை.

தென்காசி அக்கா: கரிமீன் வீட்டுக்குக் கொண்டாந்து பொள்ளிச்சது (வாழையிலையில பொதிஞ்சு சுட்டது) பண்ணணும் அத்தை. கெட்டுப்போகாம வருமா?

குண்டறை அத்தை: வரும். திரும்பும்போது குண்டறையில வாங்கு, காஞ்சிரோட்டுக் காயல் கரிமீனுக்கு இங்க தனி மதிப்பு. ஆந்திராவுல இருந்து ஐஸ்ல வாரதும் இதே பேர்லதான் விப்பாங்க, அதனால துடிக்கிறதப் பாத்து எடு. ஒண்ணு 200ல இருந்து 250 கிராம் இருந்தாப் போதும், பெருசுன்னா உள்ள வேகாது. செதில் கெட்டி, அங்கயே உரசிக் குடல் எடுத்து வாங்கிரு. தெர்மாகோல் பெட்டியில மீன் எத்தனை கிலோவோ அத்தனை கிலோ நொறுக்கின ஐஸ், அடியில ஒரு அடுக்கு, நடுவுல, மேல. மூலையில சின்ன ஓட்டை போடு. உருகுன தண்ணியிலயே மீன் ஊறுனா சதை கொழகொழத்துரும்.

குண்டறை அத்தை: செய்யுறது கேளு. 4 மீனுக்கு அளவு.
வயித்துக்குள்ள கருப்புத் தோல் ஒட்டியிருக்கும், அதைக் கல்லுப்பு போட்டுத் தேச்சு எடுத்துரு. விட்டா கசக்கும். ரெண்டு பக்கமும் மூணு கீறல். காஷ்மீரி மிளகாத்தூள் 2 ஸ்பூன், மஞ்சத்தூள் அரை, மிளகுத்தூள் 1, இஞ்சி பூண்டு விழுது 1, உப்பு, அரை எலுமிச்சை. அரை மணி நேரம் ஊறட்டும். தேங்காயெண்ணெயில ஒரு பக்கம் 2 நிமிஷம், முக்கால் வேக்காடு கூட வேண்டாம், மறுபடி இலையில வேகும்ல.
அதே எண்ணெயில சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) கால் கிலோ, இஞ்சி, பூண்டு, பச்சமிளகா 4, கறிவேப்பிலை, தக்காளி 1. உள்ளி நெறம் மாறுன பிறகு மிளகாத்தூள் 1 ஸ்பூன், கடைசியில கெட்டித் தேங்காப்பால் கால் கப். தண்ணி வத்தி சட்டியில ஒட்டாம உருளணும். ஈரமா இருந்தா இலைக்குள்ள குழம்பாயிரும், சுட்ட வாசமே வராது.
வாழையிலையைத் தணல்ல ரெண்டு பக்கமும் காட்டி வாட்டு, நெறம் மாறி மினுமினுக்கும். வாட்டாத இலை மடிக்கும்போதே கிழியும். கொஞ்சம் மசாலா, மேல மீன், மறுபடி மசாலா, மடிச்சு வாழைநாருல கட்டு. கல்லுல சின்னத் தீ, மூடி போட்டு பக்கத்துக்கு 7, 8 நிமிஷம். இலை கருகுறது சரிதான், பயந்து எடுத்துராத.

தென்காசி அக்கா: ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டேன் அத்தை

புனலூர் மாமா: ஞாயிறு மத்தியானம் 2 மணிக்குக் குண்டறையை விட்டா மூணரைக்குள்ள புனலூர். தூக்குப்பாலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துலதான், 1877-ல கட்டுனது. வண்டி விடமாட்டாங்க, நடந்து பாத்துட்டு அரை மணியில கிளம்பு. கழுதுருட்டியில 13 கண் பாலம் ரோட்டு ஓரத்துலயே வரும். ரயில்ல போனா அந்தப் பாலம் உனக்குத் தெரியாது, அதுக்கு மேலதான் போவ. வேன்ல வாரது அதுக்கு நல்லது. இருட்டுறதுக்கு முன்னாடி கோட்டைவாசல் தாண்டிரு.

புனலூர் மாமா: வண்டி மஞ்ச போர்டுதானே? கேரளா வரியும் பெர்மிட்டும் ஆன்லைன்ல கட்டுனாரான்னு டிரைவர்ட்ட இன்னைக்கே கேளு, ரசீதை போன்ல அனுப்பச் சொல்லு. ரெண்டு நாளைக்குச் சேத்துக் கட்டியிருக்கணும். ஒரு நாளைக்குக் கட்டிட்டு ஞாயித்துக்கிழமை திரும்பி வந்தா அபராதம்.

தென்காசி அக்கா: கேட்டுட்டேன் மாமா. ஒரு நாளைக்குத்தான் கட்டலாம்னு இருந்தாராம். இப்ப ரெண்டு நாளாப் போடச் சொல்லிட்டேன்.